ரேஷன் கடை வரிசையில் ஒரு பொருளாதாரப் பாடம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "பொருளாதாரம், சமுதாயம், அரசு - இந்த மூணும் என்னன்னு முதலாண்டுப் பையனுக்குப் புரியற மாதிரி அரை மணி நேரம் பேசணும்" என்றார். "மூணு வருஷம் படிச்ச விஷயத்தை அரை மணியில எப்படிய்யா சொல்றது?" என்று கேட்டேன். "நீங்க வட்ட வழங்கல் அலுவலரா இருந்தவர்தானே, ரேஷன் கடையை வெச்சே சொல்லுங்க" என்றார். நல்ல யோசனைதான். 1977-ல் இந்தக் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் சேர்ந்து நான் படித்த பாடங்கள் எல்லாம் ரேஷன் கடை வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக எதிரே வந்து நின்றதை என் உத்தியோக காலத்தில் பார்த்தவன் நான்.

இன்னொரு காரணமும் உண்டு. நம்ம நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போதெல்லாம் ஒரு பேச்சு வராமல் இருப்பதில்லை. "எல்லாருக்கும் எதுக்கு இலவச அரிசி? வசதி இருக்கறவனுக்கும் ஏன்? நாம கட்டற வரிப்பணம் இல்லையா?" நியாயமான கேள்வி. கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அந்தப் பதிலைத் தேடிப் போனால் பொருளாதாரம், சமுதாயம், அரசு மூன்றும் வழியிலேயே வந்துவிடும்.

விலையும் வரிசையும்

பொருளாதாரம் என்றால் பணத்தைப் பற்றிய படிப்பு என்று நினைக்கிறோம். 1932-ல் லயனல் ராபின்ஸ் சொன்ன இலக்கணம் வேறு. மனிதனுக்கு வேண்டியவை பல. அவற்றை அடையும் வழிவகைகளோ குறைவு. அந்தக் குறைவான வழிவகைகளையும் பல விதமாகப் பயன்படுத்தலாம். எதற்குப் பயன்படுத்துவது என்று தேர்ந்தெடுப்பதைப் பற்றியதே பொருளாதாரம். நம் பாடநூல்களில் இதைக் 'கிடைப்பருமை இலக்கணம்' என்பார்கள்.

ஒரு பொருள் எல்லாருக்கும் போதவில்லை என்றால் எப்படிப் பங்கிடுவது? உலகத்தில் பல முறைகள் இருந்தாலும் நாம் தினமும் பார்ப்பது இரண்டு. ஒன்று விலை: யார் அதிகம் கொடுக்கிறார்களோ அவர்களுக்கு. இன்னொன்று வரிசை: யார் வந்து நிற்கிறார்களோ அவர்களுக்கு, ஆளுக்கு இவ்வளவு. மளிகைக் கடை முதல் முறை. ரேஷன் கடை இரண்டாவது முறை.

விலை என்பது கெட்ட வார்த்தை இல்லை, தம்பி. தக்காளி விலை ஏறினால் அடுத்த போகத்தில் விவசாயி தக்காளி போடுகிறார். நாம் சாம்பாரில் ஒன்றைக் குறைத்துக்கொள்கிறோம். யாரும் உத்தரவு போடாமலே இவ்வளவும் நடக்கிறது. ஆனால் விலைக்கு ஒரு பார்வைக் குறை உண்டு. பணம் உள்ளவனின் ஆசை அதற்குத் தெரியும். பணம் இல்லாதவனின் பசி அதற்குத் தெரியாது. பாடநூலில் 'தேவை' என்று சொல்வது வாங்கும் சக்தியோடு கூடிய விருப்பத்தைத்தான்.

இதற்கு உதாரணம் 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சம். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அப்போது சாந்திநிகேதனில் சிறுவனாக இருந்து அந்தப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர் அமர்த்தியா சென். 1981-ல் வெளிவந்த தம் நூலில் அவர் ஒரு கணக்குக் காட்டினார். பஞ்சம் இல்லாத 1941-ஐவிட 1943-ல் வங்கத்தில் கிடைத்த உணவு குறைவாக இல்லை என்பதே அது. போர்க்காலச் செலவினால் அரிசி விலை ஏறியது. விவசாயக் கூலிகள், மீனவர்கள் போன்றோரின் வருமானம் ஏறவில்லை. கல்கத்தா நகரத் தொழிலாளர்களுக்கு மலிவு விலையில் அரிசி கிடைத்தது. கிராமத்துக் கூலிக்குக் கிடைக்கவில்லை. அரிசி இருந்தது, அதைப் பெறும் உரிமைதான் அவர்களிடம் இல்லை. 1998-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வரிசைக்கும் குறை உண்டு. அது இலவசம் இல்லை. "அரிசி போடறாங்க" என்று கேட்டு வேலைக்குப் போகாமல் வந்து நிற்கும் ஒரு சித்தாள் அம்மாவுக்கு அன்றைய கூலி போச்சு. அவர் அந்த அரிசிக்குக் கொடுத்த விலை அது. ஒன்றைப் பெறுவதற்காக நாம் விட்டுக்கொடுக்கும் மற்றொன்றுக்கு 'வாய்ப்புச் செலவு' என்று பெயர். கடையை நேரத்தில் திறக்காமல் காக்க வைப்பது ஏழையின் சட்டைப் பையில் கை வைப்பதற்குச் சமம் என்று என் கடைப் பணியாளர்களிடம் அடிக்கடி சொல்வேன்.

இலவசத்தின் விலை

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். இலவசம் என்றால் வாங்குபவருக்கு. அதன் அடக்க விலை என்ன? கணக்குப் போட்டுப் பார்ப்போம், கூட்டல் வகுத்தல் தெரிந்தால் போதும்.

2025-26 பருவத்துக்குப் பொது ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். அதற்கு மேல் மாநில அரசு ஊக்கத்தொகையும் சேர்க்கிறது, அதை விட்டுவிடுவோம். நூறு கிலோ நெல்லை அரைத்தால் புழுங்கல் அரிசி 68 கிலோ வர வேண்டும் என்பது அரவைக் கணக்கு. 2,369-ஐ 68-ஆல் வகுத்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 35 ரூபாய். இது வெறும் நெல்லின் விலை. அரவைக் கூலி, சாக்கு, லாரி வாடகை, கிடங்கு, எடை போடும் பணியாளரின் சம்பளம் எல்லாம் இதற்கு மேல். இருபது கிலோ வாங்கும் குடும்பத்துக்கு நெல் விலை மட்டுமே மாதம் 700 ரூபாய்.

இந்த 700 ரூபாயை யார் கொடுக்கிறார்கள்? "வருமான வரி கட்டறவன்" என்று உடனே சொல்கிறோம். கொஞ்சம் பொறுங்கள். அதே சித்தாள் அம்மா தம் செல்போனுக்கு 199 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்கிறார். அதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடக்கம், அதாவது சுமார் 30 ரூபாய் வரி. அவர் ஏறும் ஷேர் ஆட்டோவின் எரிபொருளில் வரி. வீட்டுக்காரர் மாலையில் போகும் கடையில் இருக்கும் வரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை! நேர்முக வரி, மறைமுக வரி என்று நாம் படித்தோமே, அந்த இரண்டில் ஏழை கட்டுவது மறைமுக வரி. வரி கட்டுபவர்கள் ஒரு ஜாதி, வாங்குபவர்கள் இன்னொரு ஜாதி என்று நாடு பிரிந்து கிடக்கவில்லை. ஒவ்வொருவரும் கொஞ்சம் கொடுக்கிறோம், கொஞ்சம் பெறுகிறோம்.

அதற்காக "அரசாங்கம்தானே கொடுக்குது" என்று விட்டுவிடவும் முடியாது. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வகுப்பறை கட்டியிருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு செவிலியரைப் போட்டிருக்கலாம். சித்தாள் அம்மாவுக்கு உள்ள வாய்ப்புச் செலவு அரசுக்கும் உண்டு. ஆகவே "வரிப்பணம் வீணாகக் கூடாது" என்று கேட்கும் நண்பர் கேட்பது சரியான கேள்வி. அப்படியானால் வசதி உள்ளவர்களை நீக்கிவிட்டு ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் என்ன?

யார் ஏழை?

1997-ல் மத்திய அரசு அதைத்தான் செய்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று குடும்பங்களைப் பிரித்து இருவருக்கும் வேறு வேறு விலை வைத்தது. தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்காமல் எல்லாருக்கும் என்ற முறையையே தொடர்ந்தது. 2013-ல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அகில இந்திய அளவில் கிராமங்களில் 75 சதவீதம், நகரங்களில் 50 சதவீதம் பேர் வரை அதன்கீழ் வந்தார்கள். தமிழ்நாடு அதில் 2016 நவம்பரில்தான் சேர்ந்தது. அப்போதும் சட்டத்தின் வரம்புக்கு வெளியே இருந்த அட்டைகளுக்கு அரிசியை நிறுத்தவில்லை. உங்கள் வீட்டு ஸ்மார்ட் கார்டை எடுத்துப் பாருங்கள். 'பி.எச்.எச்.' என்று இருந்தால் முன்னுரிமைக் குடும்பம், 'என்.பி.எச்.எச்.' என்று இருந்தால் முன்னுரிமை இல்லாத குடும்பம். இரண்டுக்கும் அரிசி உண்டு.

அந்த முன்னுரிமைப் பட்டியலுக்காக வீடு வீடாக விசாரித்த சமயத்தில் நான் வேலையில் இருந்தேன். கட்டட வேலைக்குப் போகும் ஒரு பெண்மணியிடம், "மாச வருமானம் எவ்வளவும்மா?" என்று கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: "எந்த மாசத்தைச் சார் கேக்கறீங்க? ஐப்பசியா, தையா?"

என் கையில் இருந்த படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. மழைக்காலத்தில் வேலை கிடையாது. தை பிறந்தால் வேலை உண்டு. தையில் கணக்கெடுத்தால் அவர் கோட்டுக்கு மேலே. ஐப்பசியில் எடுத்தால் கீழே. இன்னொரு வீட்டில் வயதான அம்மா ஒருவர். மகன் நல்ல வேலையில் இருக்கிறான். அட்டையில் அவன் பெயரும் இருக்கிறது. பணம் மட்டும் வருவதில்லை. காகிதப்படி அவர் வசதி உள்ளவர்.

ஏழைகளைத் தேர்ந்தெடுக்கும் எந்தத் திட்டத்திலும் இரண்டு வகைத் தவறு நடக்கும். தேவையில்லாதவர் உள்ளே வந்துவிடுவது ஒன்று. தேவைப்படுபவர் வெளியே நின்றுவிடுவது மற்றொன்று. கதவை இறுக்கினால் முதல் தவறு குறையும், இரண்டாவது கூடும். கதவைத் திறந்து வைத்தால் இரண்டாவது குறையும், முதலாவது கூடும். இரண்டையும் ஒரே சமயத்தில் பூஜ்யமாக்கும் அதிகாரி இன்னும் பிறக்கவில்லை. முதல் தவறினால் கொஞ்சம் பணம் போகும். இரண்டாவது தவறினால் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது. எந்தத் தவறை நாம் பொறுத்துக்கொள்வோம்? இதற்குப் பொருளாதாரத்தில் விடை கிடையாது. இங்கேதான் நம் பாடம் சமுதாயத்துக்குள் நுழைகிறது.

ஆனால் கதவைத் திறந்து வைத்தால் எல்லாரும் உள்ளே வந்துவிடுகிறார்களா என்றால், அதுவும் இல்லை. அரிசி வேண்டாம், சர்க்கரை போதும் என்று எழுதிக்கொடுத்துச் சர்க்கரை அட்டை வாங்கியவர்கள் உண்டு. எந்தப் பொருளும் வேண்டாம் என்று அட்டையை மட்டும் வைத்திருப்பவர்களும் உண்டு. அரிசி அட்டை வைத்திருந்தும் வாங்கப் போகாதவர்களும் உண்டு. வரிசையில் நிற்பதும், கொஞ்சம் தடித்த அரிசியைச் சமைப்பதும் தாமாகவே ஒரு சல்லடை. அதிகாரி சலிப்பதற்குப் பதில் மக்கள் தங்களைத் தாங்களே சலித்துக்கொள்கிறார்கள்.

வெளியேறுவதும் குரல் கொடுப்பதும்

அந்தச் சல்லடைக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர் 1970-ல் ஒரு நூல் எழுதினார். ஒரு கடையோ நிறுவனமோ தரம் குறைந்தால் மனிதன் இரண்டு காரியம் செய்யலாம் என்றார். ஒன்று, வெளியேறுவது; வேறு கடைக்குப் போய்விடுவது. மற்றொன்று, அங்கேயே நின்று குரல் கொடுப்பது.

சந்தையில் வெளியேறுவது நல்ல மருந்து. நாலு பேர் வராமல் போனால் ஓட்டல்காரர் சட்னியைத் திருத்திக்கொள்வார். அரசுச் சேவையில் அந்த மருந்து வேலை செய்யாது. ஆள் குறைந்தால் அங்கே சிலருக்கு வேலை மிச்சம்! என் அனுபவத்தில், தாசில்தார் அலுவலகத்துக்குத் தைரியமாக மனு எழுதத் தெரிந்த ஒரு வாத்தியாரம்மா வரிசையில் நிற்கும் கடையில் எடைக்கல் ஒழுங்காக இருக்கும். அவர் வாங்குவதை நிறுத்தினால், அவருக்குப் பின்னால் நின்ற ஐம்பது பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்த வாய் போய்விடும். ஏழைகளுக்கு மட்டும் என்று ஒரு கடையை ஒதுக்கினால், குரல் இல்லாதவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியதாகவும் ஆகிவிடக் கூடும். அரசுப் பள்ளிக்கும், அரசு மருத்துவமனைக்கும், டவுன் பஸ்ஸுக்கும் இதே கதைதான்.

முடிவு செய்வது யார்?

ஒரு கிலோ அரிசிக்குப் பின்னால் எத்தனை அரசுகள் இருக்கின்றன தெரியுமா? நெல்லுக்கு ஆதரவு விலை அறிவிப்பது மத்திய அரசு. 1965-ல் தொடங்கப்பட்ட இந்திய உணவுக் கழகம் மத்திய அரசுடையது. டெல்டாவில் நேரடிக் கொள்முதல் நிலையம் நடத்துவது, 1972-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். பெரும்பாலான கடைகளை நடத்துபவை கூட்டுறவுச் சங்கங்கள். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் விவசாயம் மாநிலப் பட்டியலில். உணவுப் பொருள் வழங்கல் பொதுப் பட்டியலில். ஐப்பசி மழையில் நனைந்த நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால், அதை வாங்கத் தளர்வு கேட்டுச் சென்னையிலிருந்து டெல்லிக்குக் கடிதம் போக வேண்டும். கூட்டாட்சி என்றால் என்ன என்று தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோமே, கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டு காத்திருக்கும் விவசாயியைக் கேட்டால் இரண்டு வரியில் சொல்லிவிடுவார்.

இந்த அரசுகளை அசைப்பது எது? முதலில் வாக்கு. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது பெரிய பேச்சு. "மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்றார்கள். ஆட்சிக்கு வந்தபின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார்கள். நிதி அதற்கு மேல் இடம் கொடுக்கவில்லை. ஆசையும் கஜானாவும் சந்தித்த இடம் அது. பிறகு 2006-ல் கிலோ இரண்டு ரூபாய், 2008-ல் ஒரு ரூபாய், 2011-ல் இலவசம். கட்சி மாறியது, அரிசி நிற்கவில்லை. அடுத்தது நீதிமன்றம். பள்ளிக் குழந்தைகளுக்குச் சமைத்த உணவு தர வேண்டும் என்று 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. காமராஜர் காலத்தில், 1956-ல், மதிய உணவைத் தொடங்கி, 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிவாக்கியிருந்த தமிழ்நாட்டுக்கு அது புதிதாக இல்லை.

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் பொருளாதாரம் படித்தவன் ஆக மாட்டேன். ஒரு பொருள் ஒரு பக்கம் இலவசமாகவும் மறுபக்கம் விலைக்கும் இருந்தால், நடுவில் ஒருவன் முளைப்பான். ரேஷன் அரிசி லாரியில், ரயிலில் எல்லை தாண்டும்போது பிடிபட்டது என்று செய்தித்தாளில் படிக்கிறோம். மனிதர்கள் ஊக்கிகளுக்கு ஏற்ப நடந்துகொள்வார்கள் என்பது பாடம். விலை வித்தியாசம்தான் இங்கே ஊக்கி. போலீஸ் போட்டால் குறையும், அடியோடு நிற்காது. ஆகவே எல்லாருக்கும் அரிசி என்று வாதாடுகிறவர்கள், அந்த ஒழுகலை அடைப்பதற்கும் அதே குரலில் வாதாட வேண்டும். ஒன்றை மட்டும் பேசுவது பாதிப் பேச்சு.

தம்பி தங்கைகளுக்கு

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளைக்கு ஒரு திட்டம் அறிவிப்பார்கள். அல்லது ஒன்றை நிறுத்துவார்கள். உடனே கைதட்டவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். இதற்கு என்ன செலவு, அந்தப் பணத்தில் வேறு எதைச் செய்திருக்கலாம்? இது பொருளாதாரம். யாருக்குக் கிடைக்கிறது, யார் விடுபட்டுப் போகிறார்கள்? இது சமுதாயம். யார் முடிவு செய்தார்கள், தப்பு நடந்தால் யாரிடம் போய்க் கேட்பது? இது அரசு. மூன்றில் ஒன்றை மட்டும் கேட்பவர் வியாபாரியாகவோ, தர்மவானாகவோ, அரசியல்வாதியாகவோ இருக்கலாம். மூன்றையும் சேர்த்துக் கேட்பவரைத்தான் குடிமகன் என்று சொல்ல வேண்டும்.

என் வயது நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசு உதவியோடு நடக்கும் இந்தக் கல்லூரியில் நாம் கட்டிய கட்டணம் பேராசிரியர்களின் சம்பளத்துக்குக் காணுமா? மீதியைக் கொடுத்தது யார்? நம்மைப் பார்த்திராத யாரோ ஒரு பீடிக் கடைக்காரர், யாரோ ஒரு நெசவாளர், அவர்கள் வாங்கிய பொருளின் மேல் இருந்த வரி. அதை நாம் 'இலவசம்' என்று சொல்வதில்லை, 'கல்வி' என்கிறோம். சரியான பெயர்தான். ஒருவன் படித்தால் பயன் அவனோடு நிற்பதில்லை. அவன் வீட்டுக்கும் ஊருக்கும் பரவுகிறது என்பதால்தான் மற்றவர்கள் கொடுத்தார்கள். பாடநூலில் இதைப் புறவிளைவு என்பார்கள். ஒரு குழந்தை பசியில்லாமல் வகுப்பில் உட்கார்ந்தால் அதற்கும் அதே புறவிளைவு உண்டு.

அந்த அட்டை உங்களுக்குத் தேவையில்லை என்றால் அரிசியை விட்டுக்கொடுங்கள், நல்ல காரியம். ஆனால் அரிசியை விட்டாலும் குரலை விட்டுவிடாதீர்கள். மாதம் ஒருமுறை உங்கள் தெருக் கடைப் பக்கம் போய், கடை நேரத்துக்குத் திறந்திருக்கிறதா, இருப்புப் பலகையில் எழுதியிருக்கிறதா, அரிசி புழுக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். சரியில்லை என்றால் வட்ட வழங்கல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். படித்தவர் கையெழுத்தோடு வரும் மனுவுக்கு என்ன மரியாதை என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும்.